கோயில் வக்கீலுக்கு அச்சு உறுத்திய கதை

ஒரு கதவுக்கு ஒரு பூட்டு போதும். போன வருஷம் ஆடி பிறந்தபோது பிள்ளையார்பாளையத்து எல்லையம்மன் கோயில் கதவில் இரண்டு பூட்டு தொங்கின. ஒன்று பழனி ஆட்கள் போட்டது, இன்னொன்று கலியாணசுந்தரம் ஆட்கள் போட்டது. அம்மன் என்ன பாவம் செய்தாளோ, உள்ளே விளக்கில்லாமல் உட்கார்ந்திருந்தாள். கூழ் வார்க்க வேண்டிய பெண்கள் வாசலில் நின்று இரண்டு தரப்பையும் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்கள். நியாயமாகப் பார்த்தால் அந்தத் திட்டில் பாதி வக்கீல் ஆனந்தராஜுக்குப் போய்ச் சேர வேண்டியது. அவர் கையால் பானைக்குள் போட்ட ஒரு தாரில் வந்த வினை அது.

தார் என்றதும் ரோடு போடுகிற தார் என்று நினைத்துவிடாதீர்கள். நாடா என்கிற மர ஓடத்துக்குள் வைத்துத் தறியில் குறுக்கே ஓட்டுவார்களே, அந்த நூலைச் சுற்றி வைக்கிற சின்னக் குச்சி. விரல் நீளம்கூட இருக்காது. அது ஒரு தெருவையே இரண்டாகப் பிளந்தது.

ஆனந்தராஜைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவருடைய அக்கா இந்திராணியிடமிருந்துதான் தொடங்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது ஆனந்தராஜ் மூன்றாம் வகுப்பு. அப்போது ‘அவர்’ எல்லாம் கிடையாது, ‘அவன்’தான். கல்யாணமாகி மூன்று மாதம்கூட ஆகாத இந்திராணி, தம்பியை ஒரு கையிலும் டிரங்குப் பெட்டியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு புருஷன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மாமியார் என்ன சொல்வாளோ, புருஷன் என்ன சொல்வானோ என்று அவள் படியேறவில்லை. கலியாணசுந்தரம் தறிக்குழியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“டேய், இன்னாடா வாசல்லயே நிக்கிற? உள்ள வா, சோறு ஆறுது.”

அவ்வளவுதான். அதற்குமேல் அந்த வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றிலிருந்து ஆனந்தராஜ் அந்த வீட்டுப் பிள்ளை. மாமா அவனை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், பேசமாட்டார். அந்தத் திருப்பின முகம் மறுபடி தன் பக்கம் வருகிற வரைக்கும் பையனுக்குச் சோறு இறங்காது. சரியாகப் பாடம் எழுதினானா, தலை வாரினானா, எல்லாவற்றுக்கும் ஒரு கண் மாமா முகத்தில் இருக்கும்.

தறியில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். கை வரவில்லை. பாவு அறுந்தது, ஜரிகை சிக்கியது, அச்சில் இழைகள் தாறுமாறாக விழுந்தன. அச்சு என்பது இழைகளைச் சீப்பு மாதிரி பிரித்து வைக்கிற சாமான். அதில் ஒரு பல் வளைந்தாலும் பட்டில் கோடு விழும். மாமா தலையில் அடித்துக்கொண்டார். “உனக்குக் கை வரலடா, வாய்தான் வருது. போய் வக்கீலுக்குப் படி” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பையன் நிஜமாகவே படித்துவிட்டான்.

கறுப்புக் கோட்டு போட்ட பிறகும் மாமா மாறவில்லை. கோர்ட்டு வாசலில் கட்சிக்காரர்கள் நாலு பேர் கைகட்டி நிற்கும்போது, சைக்கிளில் போகிற மாமா “டேய் ஆனந்தா, அக்கா வெண்டக்கா வாங்கியாரச் சொன்னாடா” என்று கத்திவிட்டுப் போவார். கட்சிக்காரர்கள் வேறு பக்கம் பார்த்துச் சிரிப்பார்கள். ஆனந்தராஜுக்கு மானம் போகும்.

“கோர்ட்டு வாசல்லயாவது டேய்னு கூப்பிடாம இருக்கச் சொல்லுக்கா” என்று ஒரு நாள் முறையிட்டார்.

“தோள்ல தூக்கிக்கினு போய் இஸ்கூல்ல உட்ட மனுசன் உன்ன ‘வாங்க சார்’னு கூப்பிடணுமா? ஆசையப் பாரு!” என்று இந்திராணி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மற்ற வக்கீல்கள் நிலத் தகராறு, விபத்துக் கேஸ் என்று பார்த்துக்கொண்டிருந்தபோது ஆனந்தராஜுக்கு வாய்த்ததெல்லாம் சாமி கேஸ். மாகறல் பக்கம் ஒரு ஊரில் அண்ணன் தம்பி இருவரில் யாருக்கு முதல் விபூதி என்று பன்னிரண்டு வருஷச் சண்டை. அதைத் தீர்த்துவைத்தார். இன்னோர் ஊரில் பல்லக்கு எந்தத் தெருவில் முதலில் திரும்புவது என்று வழக்கு. பிறகு தீபத்தட்டு யார் பிடிப்பது, கொடிமரத்துக்குக் கயிறு யார் திரிப்பது என்று வந்துகொண்டே இருந்தன. மனிதர்களுக்குள் சாமி பெயரால் எத்தனை விதமான மனக்கசப்பு உண்டோ அத்தனையும் அவர் மேஜைக்கு வந்தது. ‘கோயில் வக்கீல்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஃபீஸுக்குப் பதிலாகப் பரிவட்டமும் பொங்கலும் வரும். “பொங்கல்லயே குடும்பம் நடத்தற ஒரே வக்கீல் என் வூட்டுக்காரருதான்” என்று அவர் மனைவி லோகாம்பாள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொல்வாள்.

பயம் தெரியாதவர் என்ற பெயரும் சேர்ந்துகொண்டது. திருமுக்கூடலுக்கு அப்பால் ஒரு கிராமத்தில் கம்பும் கையுமாக இரண்டு கூட்டம் மோதத் தயாராக நின்றபோது, நடுவில் போய் நின்று கோர்ட்டு உத்தரவை வரிவரியாகப் படித்தார். கூட்டம் கலைந்தது. “கம்புக்கு முன்னாடி காகிதத்த நீட்டின மனுசன்” என்று ஊர் பேசிற்று. வீட்டுக்கு வந்ததும் அவர் முழங்கால்கள் ஆடிய ஆட்டத்தை லோகாம்பாள் மட்டும்தான் பார்த்தாள். தொளதொள பேண்ட் போடுகிற ஒரே காரணம் அந்த முழங்கால்கள்தான் என்று அவளுக்குத் தெரியும். வெளியே சொன்னதில்லை.

இனி எல்லையம்மன் கோயில் விஷயத்துக்கு வருகிறேன். தெருவுக்குச் சொந்தமான சின்னக் கோயில் அது. அதை நிர்வகிக்கிற தலைவருக்குப் பெரியதனம் என்று பெயர். தறி உள்ள பதினாறு வீட்டுத் தலைவர்கள் மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். பெரியதனத்துக்கு நிற்கிற இருவருக்கும் ஆளுக்கொரு நிறம். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்கு என்று முடிவு செய்து, அந்த நிற நூலில் ஒரு தார் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்து, துணி மூடின பானைக்குள் கைவிட்டுப் போட வேண்டும். மடியில் ஒரு தாருக்கு மேல் இருக்கக் கூடாது. வாசலிலேயே உதறிப் பார்த்துவிடுவார்கள். சரிக்குச் சரி வந்தால் மட்டும், சட்டக்காரர் என்று பதினேழாவதாக உட்கார்ந்திருக்கிற ஒருவர் தன் தாரை எல்லோர் முன்னாலும் போட்டு முடிவைச் சொல்வார். அவருக்கு முன்கூட்டியே முடிவு இருக்கக் கூடாது என்பதால் இரண்டு நிறத்திலும் தார் கொண்டு வருவது அவர் ஒருவர்தான்.

சட்டக்காரர் நம்ம ஆனந்தராஜ். கோயிலுக்கு விதிகளை எழுத்தில் எழுதிக் கொடுத்தவரும் அவரே. அதில் ஒரு விதி: ‘அச்சுறுத்தலின் பேரில் செய்யப்பட்ட தேர்வு செல்லாது.’ அதை வாசித்த அன்று கூட்டத்தில் ஒரே சிரிப்பு. “அச்சு உறுத்தினா ஏம்பா செல்லாது? அச்ச மாத்திட்டாப் போச்சு” என்று ஒருவர் கேட்க, மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி இருமினார். அதிலிருந்து தெருவில் யாராவது பயந்தால் “இன்னாபா, அச்சு உறுத்துதா?” என்று கேட்பது வழக்கமாகிவிட்டது.

தேர்தலில் மஞ்சள் நிறம் கலியாணசுந்தரத்துக்கு. அரக்கு நிறம் பழனிக்கு. பழனி சாயப் பட்டறைக்காரன். எந்நேரமும் முழங்கை வரைக்கும் ஏதாவது ஒரு நிறம் ஏறியிருக்கும், வாய்த்துடுக்கு வேறு. சண்டை இதுதான்: தறி உள்ள வீட்டில் சாவு விழுந்தால் அம்மன் கழுத்து மாலை வரும். தறியை விற்றுவிட்டுக் கம்பெனி வேலைக்குப் போனவன் வீட்டுக்கு வராது. மாமா அதில் பிடிவாதம். “தறி இருந்தாத்தான் தெரு. அது இல்லாதவன் இங்க குடி இருக்கிறான், அவ்ளோதான்” என்பார். பழனி விடவில்லை. “தறிய வித்தவன் ஆத்தாவையுமா வித்துட்டான்?” என்று தெருவில் நின்று கேட்டான்.

ஆனந்தராஜ் வீட்டில் தறி கிடையாது. வக்கீலுக்கு எதற்குத் தறி? அவர் செத்தாலும் அந்த மாலை வராது. மாமாவுக்கு அது தெரியும், ஆனால் அதைத் தெரிந்ததாகவே காட்டிக்கொண்டதில்லை.

ராட்டை இல்லாத வீடாகையால் அவருடைய இரண்டு தார்களையும் அக்காதான் சுற்றித் தந்தாள். மஞ்சளை இறுக்கமாக, கொழுகொழுவென்று சுற்றியிருந்தாள். அரக்கைப் பேருக்கு நாலு சுற்று, அதுவும் தொளதொளவென்று. “இன்னாக்கா இது?” என்றதற்கு, “நூலு தீந்துபோச்சு” என்றாள். சிரிக்கவில்லை.

தேர்தலன்று பதினாறு பேரும் உள்ளே போய்க் கதவு சாத்திய பிறகுதான் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஷிப்டு முடித்த பையன்கள் யூனிபாரத்தோடு இறங்கி நேரே கோயிலுக்கு வந்தார்கள். தறி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். முதலில் “பழனி! பழனி!” என்று கத்தினார்கள். பிறகு வண்டிகளை முறுக்கினார்கள். பிறகு கதவைத் தட்டினார்கள். தட்டினார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது, கதவின் தாழ்ப்பாள் துள்ளியது. “எங்கப்பன் செத்தப்ப மாலை வரலடா! இன்னிக்கி பாத்துர்றோம்!” என்று ஒரு குரல். உள்ளே வயதானவர்கள் சுவரோடு ஒண்டிக்கொண்டார்கள். ஒருவர் அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

பானையைக் கவிழ்த்தார்கள். மஞ்சள் எட்டு, அரக்கு எட்டு.

பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு எல்லோரும் ஆனந்தராஜைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். பேண்டுக்குள் முழங்கால்கள் தம் வேலையைத் தொடங்கிவிட்டன. வலது கையில் மஞ்சள், இடது கையில் அரக்கு. எதிரே மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே சத்தம் ஏறிக்கொண்டே போனது. அப்போது கூரையின் தகரத்தில் ஒரு கல் வந்து விழுந்தது. இடி மாதிரி சத்தம். அத்தனை பேரும் தலையைக் கையால் மூடி மேலே பார்த்தார்கள். மறுபடி கீழே பார்த்தபோது பானைக்குள் அரக்குத் தார் கிடந்தது.

வெளியே போய் முடிவைச் சொன்னார். பையன்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தொளதொளவென்று சுற்றிய அரக்கு நூல் அவிழ்ந்து அவர் கோட்டுப் பொத்தானில் சிக்கித் தொங்கியது அவருக்குத் தெரியவில்லை. அக்கா வீட்டு வாசலைத் தாண்டும்போது இந்திராணி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே கதை மாறியது. அரக்குப் போட்டவர்களில் மூன்று பேர், மாமாவிடம் பாவு நூல் வாங்கிக் கூலிக்கு நெய்கிறவர்கள், “நாங்க பயத்துல போட்டுட்டோம்” என்று வந்து சொன்னார்கள். மாமா ஆட்கள் அவர் வீட்டுக் கூடத்தில் கூடி, முதல் தேர்வு செல்லாது என்று சொல்லி, மாமாவுக்கே பரிவட்டம் கட்டினார்கள். ஆதாரம்? ஆனந்தராஜ் எழுதிய அதே விதி. ஆக ஒரு கோயிலுக்கு இரண்டு பெரியதனம், ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு. வழக்குப் போட்டால் பேரப்பிள்ளைகள்தான் தீர்ப்பைக் கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஐம்பத்து நாலு வயது வக்கீலுக்கு, மூன்றாம் வகுப்புப் பையனுக்கு ஆனது போலவே, சோறு இறங்கவில்லை.

ஆடி இரண்டாம் வெள்ளி நெருங்கியபோது தெருப் பெண்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். கோயில் வாசலில் இரண்டு தரப்பும் உட்கார வேண்டும். பயத்தில் போட்டோம் என்பவர்கள் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். சத்தியத்துக்குப் பிறகு யார் தோற்றாலும் தன் பூட்டைத் தானே திறக்க வேண்டும். மாமா ஒப்புக்கொண்டார். பழனியும் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டான்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் இந்திராணி தம்பி வீட்டுக்கு வந்தாள். தேர்தல் முடிந்த ஆறு மாதத்தில் முதல் தடவை. லோகாம்பாள் வைத்த காப்பியைத் தொடவில்லை.

“நாளைக்கி உன்னியும் கேப்பாங்க” என்றாள்.

“தெரியும்க்கா.”

“ஆமா, பயந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. கல்லு உழுந்தா யாருக்குதான் பயம் வராது? அதுல ஒண்ணியும் குறைஞ்சிட மாட்டே. உங்க மாமா மறுபடியும் உன்னோட பேசுவாரு.”

“நான் பயந்தேன்தாங்க்கா.”

“அத்தத்தானே சொல்லச் சொல்றேன்? பொய்யா சொல்லச் சொல்றேன்?”

கோர்ட்டில் வாய் ஓயாத மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கல் விழுந்த நொடியில் தனக்குள் என்ன நடந்தது என்று அவர் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. அதைத் தொடாமலே ஆறு மாதம் ஓட்டிவிட்டார்.

இந்திராணி எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “சொல்லலன்னா அந்த வூட்டுக்கு நீ எப்பிடிடா வருவே?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. ஒரு பக்கம் வேட்டிகள், ஒரு பக்கம் கம்பெனி யூனிபாரம். நடுவில் பித்தளைத் தட்டில் கற்பூரம். பூசாரி தீப்பெட்டியோடு நின்றார். யாராவது ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் போதும், கை கலந்துவிடும் என்பது போலிருந்தது.

மூன்று பேரில் முதலாமவர் எழுந்தார். “வெளிய அவ்ளோ சத்தம். உசுருக்குப் பயந்து அரக்கு போட்டேன்” என்றார். சத்தியம் செய்யக் கையைத் தூக்கினார்.

ஆனந்தராஜால் சும்மா இருக்க முடியவில்லை. முப்பது வருஷப் பழக்கம், கேள்வி தானாக வந்துவிட்டது. “ஒரு நிமிசம். அரக்குத் தார எங்க சுத்தினீங்க?”

“எங்கன்னா? வூட்லதான்.”

“எப்போ?”

“காலைல. என் மருமவதான் சுத்தினா.”

“பசங்க வந்தது பஸ்சு வந்தப்புறம். மண்டபத்துக்குள்ள ராட்டை ஏதாவது இருந்துச்சா?”

கையைத் தூக்கினவர் அப்படியே நின்றார். பின்னால் ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறந்ததிலிருந்து தாரும் ராட்டையுமாகப் புழங்குகிற தெரு. இருந்தும் ஆறு மாதமாக இதை ஒருவரும் யோசிக்கவில்லை. பயம் வருவதற்கு முன்னாலேயே சுற்றி முடித்த தார், பயத்தில் எப்படி நிறம் மாறும்? மூன்று பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். யூனிபாரப் பக்கம் விசில் பறந்தது. பழனி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கிவிட்டான்.

“டேய் ஆனந்தா.”

மாமாதான். எழுந்து நின்றிருந்தார். சத்தம் அடங்கியது. ஆறு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல் தன்னைக் கூப்பிட்டதில் ஆனந்தராஜுக்கு உடம்பு சிலிர்த்தது.

“நல்லாக் கேட்டே. பதினாறும் வூட்ல சுத்தினது, சரி. ரெண்டு நெறத்தையும் கையில வச்சிக்கினு உள்ள நின்னவன் ஒருத்தன்தானே? உள்ள வந்தப்புறம் மனசு மாத்திக்க முடிஞ்சவன் அவன் ஒருத்தன்தானே? வா. கற்பூரம் அடி. அச்சு உறுத்திச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லு.”

யாரும் சிரிக்கவில்லை. தான் கேட்ட கேள்வியாலேயே மற்ற பதினாறு பேரும் விலகிக்கொண்டார்கள், இவர் மட்டும் மிச்சம். இவர் ‘ஆமாம்’ என்றால் மாமா பெரியதனம், அக்கா வீட்டுக் கதவு திறக்கும். ‘இல்லை’ என்றால் பொய், அதுவும் அம்மன் முன்னால். ‘ஆமாம்’ உண்மைதான். ஆனால் அது முழு உண்மையில்லை என்று அவருக்கு இப்போது தெளிவாகத் தெரிந்தது. இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த அந்த நொடி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

பூசாரி கற்பூரத்தை ஏற்றினார். பெண்கள் பக்கத்தில் இந்திராணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தம்பியைப் பார்த்து மெல்லத் தலையாட்டினாள், சொல்லு என்பது போல.

“உறுத்திச்சு மாமா” என்றார் ஆனந்தராஜ்.

வேட்டிகள் பக்கம் ஓவென்று ஆரவாரம். பழனி தட்டை நோக்கிப் பாய்ந்தான், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். மாமா முகம் மலர்ந்தே விட்டது. ஆனந்தராஜைத் தோளில் தூக்கிப்போன காலத்து முகம்.

“இருங்க. நான் முடிக்கல.” தட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். “யாருக்குப் பயந்தேன்னு யாரும் கேக்கலியே. பசங்களுக்குப் பயம்தான், இல்லன்னு சொல்லல. என் முட்டி ஆடுச்சு. இப்பவும் ஆடுது பாருங்க. ஆனா மொதல்ல நான் பானைக்கிட்ட கொண்டு போனது மஞ்சத் தாரு மாமா. பழனி சொல்றதுதான் நியாயம்னு எனக்கு அன்னிக்கே தெரியும். தெரிஞ்சும் மஞ்சளத்தான் கொண்டு போனேன். ஏன்னா நீங்க என்னையே பாத்துக்கினு இருந்தீங்க.”

மாமாவின் முகத்தில் மலர்ச்சி அப்படியே நின்றுபோயிருந்தது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை.

“கல்லு உழுந்துச்சு. எல்லாரும் மேல பாத்தாங்க. நீங்களும் மேல பாத்தீங்க. அந்த நேரத்துலதான் அரக்கப் போட்டேன். எனக்கு நெனவு தெரிஞ்சு உங்க கண்ணுக்குப் பயப்படாம நான் செஞ்ச காரியம் அது ஒண்ணுதான் மாமா. மஞ்சளப் போட்டிருந்தா அதுதான் பயத்துல போட்டது. அதுதான் செல்லாது.”

எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அடித்தார். தீ அணைந்தது. கை வெந்த வாசனை வந்தது. அவருக்கு வலி தெரியவில்லை.

யூனிபாரப் பையன்கள்கூட விசில் அடிக்கவில்லை. அவர்களில் ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டு தரையைப் பார்த்தான், கல் எறிந்தவன் அவனாக இருக்கலாம்.

“நான் உன்ன ஒரு நாளாவது கை நீட்டி அடிச்சிருக்கேனாடா?” என்று மாமா கேட்டார். சத்தமே இல்லாமல் கேட்டார்.

“இல்ல மாமா. ஒரு நாளும் இல்ல.”

“அப்பறம் இன்னாடா பயம்?”

“மூஞ்சிய திருப்பிக்குவீங்களோன்னுதான்.”

மாமா திருப்பிக்கொள்ளவில்லை. அவரை நேராகப் பார்த்தார். பிறகு மடியிலிருந்து சாவியை எடுத்தார். யாரையும் கூப்பிடாமல் தானே போய்த் தன் பூட்டைத் திறந்தார். பரிவட்டத்தைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டுக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்திராணி ஓட்டமும் நடையுமாக அவர் பின்னால் போனாள். பழனி தன் பூட்டைத் திறந்தான். உள்ளே விளக்கேற்றினார்கள்.

அடுத்த வாரமே தறி இல்லாத வீடு ஒன்றில் ஒரு சாவு. எல்லையம்மன் மாலை போயிற்று. அந்த வீட்டு மகன் மாலையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு கதறியதை ஆனந்தராஜ் பார்த்தார். செய்தது சரிதான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றியும் என்ன, அக்கா வீட்டு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார்.

ஆடி கடைசி வெள்ளியில் கூழ் வார்த்தார்கள். மாமா வரமாட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் வந்தார். பெரியதனம் இல்லாவிட்டால் என்ன, அம்மன் அவருக்கும் அம்மன்தானே! வருஷா வருஷம் நிற்கிற அதே இடத்தில், பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில், அகப்பையோடு நின்றார். பக்கத்தில் இந்திராணி வெங்காயம் நறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆனந்தராஜ் தூக்குப் பாத்திரத்தோடு போனார். லோகாம்பாள்தான் பிடித்துத் தள்ளி அனுப்பினாள். வெந்த கையில் கட்டு இன்னும் இருந்தது. வாசல் வரை வந்தவருக்குக் கால் எழவில்லை. பின்னால் வருகிறவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மாமா நிமிர்ந்து பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கோபமும் இல்லை. கோபமாவது இருக்கக் கூடாதா என்று ஆனந்தராஜுக்கு இருந்தது. இந்திராணியின் கத்தி வெங்காயத்தின் மேல் நின்றது.

“இன்னா சார் வாசல்லயே நிக்கிறீங்க?” என்றார் மாமா. “உள்ள வாங்க. கூழ் ஆறுது.”